கடைசியில் வைக்கும் புள்ளிகள்

"டார்ச்ச கொஞ்சம் சாய்ச்சிப் புடி, பாப்பா. நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது."

சாய்த்துப் பிடித்தேன். அப்பா மைக்ரோஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்து மறு கண்ணை இறுக மூடிக்கொண்டார். கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடம் ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டியிருக்கும். சாவி என்னிடம் இருக்கும். மற்ற நாட்களில் ஸ்லைடு வைக்கும் இடத்தில் அன்று ஒரு பழைய ரோஸ் நிற நாடக நோட்டீஸ். அதில் நீலக் கறுப்பு மையில் ‘திருவேங்கடம்’ என்று ஒரு கையெழுத்து.

பார்த்து முடித்ததும் அப்பா எப்போதும் செய்வதைச் செய்தார். இடது உள்ளங்கையை விரித்து, வலது ஆள்காட்டி விரலின் நகத்தால் அந்தக் கையெழுத்தை அதன் மேல் மெதுவாகப் போட்டுப் பார்த்தார்.

நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். 1987 செப்டம்பர், இரண்டாவது ஞாயிறு.

அப்பாவின் பெயர் பொன்னுரங்கம். கச்சிராயபாளையம் தபால் நிலையத்தில் சேமிப்புக் கவுண்டரில் இருந்தார். பணம் எடுக்க வருகிறவர் படிவத்தில் போடும் கையெழுத்தை, கணக்குத் தொடங்கிய நாளில் அட்டையில் போட்ட மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுவது அவர் வேலை. சற்று மாறியிருந்தால் விட்டுவிடுவார். அச்சு அசலாக ஒத்துப்போனால்தான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

"மனுசன் ரெண்டு தரம் ஒரே மாரி போட மாட்டான். போட்டிருக்கான்னா கீழ வெச்சி வரைஞ்சிருக்கான்" என்பார். பிறகு அந்த ஆளிடம் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளுவார். "சும்மா மூணு தரம் போடுங்க. பேசிக்கினே போடுங்க. ஊர்ல மழ உண்டா?" மழையைப் பற்றிப் பதில் சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட முடியாதவர்கள் படிவத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன்.

கே. எம். திருவேங்கடம் என்ற நாடக நடிகர்மீது அப்பாவுக்கு இருந்த பித்து ஊருக்கே தெரியும். 1958இல் அந்த நடிகரின் குழு கள்ளக்குறிச்சிக்கு வந்தது. அப்பாவுக்குப் பதினாறு வயது. பகலில் பயணியர் பங்களா வாசலில் கூட்டத்தோடு நின்றார். காலையில் கிடைத்த நோட்டீசைக் கிழித்து, அதில் வெற்றிலைக்காரரிடம் சுண்ணாம்பு வாங்கிவிட்டதால் முறை வந்தபோது கையில் தாள் இல்லை. இடது கையை நீட்டினார். நடிகர் சிரித்துவிட்டு உள்ளங்கையிலேயே போட்டார்.

பேனா முள் போன வழி முழுவதும் அப்பாவின் தோலுக்குத் தெரியும். எழுத்துகளை எல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, கை திரும்பி வரும்போதுதான் புள்ளிகள் விழுந்தன. முதலில் கடைசி ‘ம்’ மேல். பிறகு இடப்பக்கம் நகர்ந்து ‘ங்’ மேல். அன்று கச்சிராயபாளையம்வரை நடந்தே வந்தாராம், வேர்வை பட்டு அழியாமல் இருக்க இடது கையை விரித்து, உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு. மூன்றாம் நாள் மறைந்துவிட்டது.

அந்த நடிகர் இறந்து பல வருடம் ஆகிறது. அசல் கையெழுத்து ஒன்று கிடைத்தால் வாங்கிவிட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. செய்தி பரவி, பஸ் கண்டக்டர்கள், பழைய பேப்பர்க்காரர்கள், கல்யாண ஆல்பத்தில் தேடி எடுத்தவர்கள் எல்லாரும் கொண்டுவந்தார்கள். அப்பா ஆசையோடு வாங்கிப் பார்ப்பார். முகம் மெல்ல வாடும். "இது பால்பாயிண்டு. அவரு தொட்டதே இல்ல." "இது அச்சு. லென்ஸ்ல பாருங்க, புள்ளி புள்ளியா இருக்குது." "எழுத்து நல்லாத்தான் இருக்குது. ஆனா ஒவ்வொரு எழுத்துக்கும் அப்பப்போ புள்ளி வெச்சிக்கினு போயிருக்கான். நல்ல புள்ள, பள்ளிக்கூடத்துல முத வரிசையில ஒக்காந்தவன்." கொண்டுவந்தவரே சிரித்துவிடுவார்.

"செத்துப்போன மனுசனுக்கு இந்த ஜில்லாவுல இவரு ஒருத்தருதான் ஜாமீன்" என்று அம்மா சொல்வார்.  அன்று அப்பாவின் சாப்பாடு மட்டும் ஒரு பிடி குறையும்.

அந்த ரோஸ் நோட்டீசைக் கொண்டுவந்தவர் தைலம்மாள். சங்கராபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். கூலி வேலை. இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கவுண்டர் கம்பிக்கு வெளியே நின்று, முந்தானை முடிச்சை அவிழ்த்து நீட்டினார்.

"ஐயா, கையெழுத்து பாக்கறவரு நீங்கதானுங்களா? எங்க வூட்டுக்காரரு மாயவன் செத்து ஆறு மாசம் ஆவுது. இத்த அந்த நடிகரே போட்டுக் குடுத்தாருன்னு சாவற மட்டும் சொல்லிக்கினு இருந்தாரு. ஊர்ல ஒருத்தரும் நம்பல. யாருகிட்ட எழுதி வாங்கினே மாயவான்னு கேலி பண்ணுவாங்க." அவிழ்த்த முந்தானையை மறுபடி முடிந்துகொண்டார். "நானும் அவங்களோட சேந்து சிரிச்சிருக்கேங்க. அவரு சொன்னது நெசமான்னு மட்டும் சொல்லுங்க. அசலா இருந்தா நீங்களே வாங்கிக்கங்க. குடுக்கறத குடுங்க."

"அடுத்த ஞாயித்துக்கெழம இல்லாட்டி அதுக்கடுத்த ஞாயித்துக்கெழம நானே வூட்டுக்கு வந்து சொல்றேம்மா" என்றார் அப்பா. நடந்ததை அன்று மாலை என்னிடம் சொன்னார். ரசீது போல ஒரு தாளில் நோட்டீசைப் பெற்றுக்கொண்டதாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

பரிசோதனைக் கூடத்தில் முதலில் பார்த்தது நான். நோட்டீசில் ஒரு மடிப்பு ‘க’வின் குறுக்கே போயிற்று. அந்த இடத்தில் தாளின் நார் உடைந்திருந்தது. உடைந்த நார் வழியே மை இருபுறமும் ஊறியிருந்தது. மடித்த பிறகு போட்டால்தான் அப்படி ஊறும்.

"மடிப்பு முன்னாடி, கையெழுத்து பின்னாடி. பழைய நோட்டீச எங்கேயோ எடுத்து அப்புறம் எவனோ போட்டிருக்கான். போலிப்பா."

அப்பா சிரித்தார். "ஏம் பாப்பா, அன்னிக்கி அங்க நின்னவன் எவங்கிட்ட பை இருந்துது? காலையில வண்டியில வந்து நோட்டீச வீசிக்கினு போனாங்க. எடுத்தவன் நாலா மடிச்சி இடுப்புல சொருவிக்கினான். மத்தியானம் அவரு வெளிய வந்தப்போ பிரிச்சி நீட்டினான். மடிக்காத நோட்டீச கொண்டாந்தான்னாதான் சந்தேகப்படணும்."

பிறகுதான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவர் பார்த்தார். ‘ம்’ மேல் இருந்த புள்ளியிலிருந்து மயிரிழை போல ஒரு கோடு இடப்பக்கம் கிளம்பி நின்றுபோயிருந்தது. நான் அதைத் தாளின் நார் என்று விட்டிருந்தேன். ‘ங்’ மேல் இருந்த புள்ளி சின்னது, மை குறைந்தது. அப்பா உள்ளங்கையில் போட்டுப் பார்த்தார். இரண்டாம் முறையும் போட்டார். நோட்டீசின் கீழே அச்சடித்திருந்த தேதியை வாசித்தார்.

"அதே நாளு. இந்த மாயவன் எனக்கு முன்னாடி நின்னானோ, பின்னாடி நின்னானோ" என்றார். "இருபத்தொம்பது வருசம், பாப்பா."

"அப்போ வாங்கிக்கோயேம்பா. அவங்களே குடுக்கறேன்னாங்களே."

டார்ச்சை அணைக்கச் சொன்னார். "போலியா இருந்தா வாங்கியிருப்பேன். அசலுன்னு அந்தம்மாகிட்ட சொல்லிட்டு, காசக் குடுத்துட்டு வந்திருப்பேன். அசல எப்படி வாங்கறது? அது அந்த வூட்டுல இருக்கணும்."

கையெழுத்து விஷயத்தில் பொய் சொல்ல அவர் தயாராக இருந்தார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

தபால் கவர் ஒன்றில் நோட்டீசை வைத்து, மேலே ‘தைலம்மாள்’ என்று மட்டும் எழுதினார். தபாலில் அனுப்பிவிடலாமே என்றேன். "இது மொகத்தப் பாத்து சொல்ற சேதி" என்றார்.

வியாழக்கிழமை இட ஒதுக்கீட்டுக்கான சாலை மறியல் தொடங்கியது. ஒரு வாரம். பஸ் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வெட்டிச் சாய்த்த மரங்கள் சாலையில் வரிசையாகக் கிடந்தனவாம். முதல் இரண்டு மரங்களில், மறியலில் இருந்தவர்களே சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்களாம். தெரிந்தவர்கள்தான். "போஸ்டாபீசு ஐயா, நாளைக்கி கோட்டா ஆர்டர் வந்தா மொதல்ல ஒங்ககிட்டதான் எடுத்தாருவோம். கையெழுத்து அசலான்னு பாத்து சொல்லணும்" என்று ஒருவர் சொல்ல, "கொண்டாங்க, புள்ளி எப்போ வெச்சாங்கன்னு பாக்கறேன்" என்றாராம் இவர். மூன்றாவது இடத்தில் முள் ஏறி முன் சக்கரம் இறங்கிவிட்டது. திரும்பினார்.

புதன்கிழமை மறியல் முடிந்தது. "வர்ற ஞாயிறு தவறாது" என்றார். சனிக்கிழமை காலை அலுவலகத்துக்குக் கிளம்பும்போது சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. நாற்பத்தைந்து வயது.

மூன்றாம் நாள் தைலம்மாள் வந்தார். இரண்டு ஞாயிறும் பார்த்துவிட்டு, ஏன் வரவில்லை என்று கேட்கத்தான் வந்திருக்கிறார். கையில் அப்பா எழுதிக் கொடுத்த தாள் இருந்தது. வாசலில் செருப்புகளைப் பார்த்து நின்றார். யாரோ சொன்னார்கள். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். சாவு வீட்டில் அதைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. சொல்ல எனக்கும் வரவில்லை. அடுத்த பஸ்சுக்குப் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடியாமல் நாங்கள் இன்னொருவர் வீட்டுப் படி ஏறக் கூடாது. இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. கவர் என் பையில் இருக்கிறது. அதைக் கொடுக்கும்போது அசலென்று எப்படித் தெரியும் என்று தைலம்மாள் கேட்டால், மை ஊறியதைச் சொல்லலாம், மயிரிழையைச் சொல்லலாம். விரித்துக் காட்ட அந்த உள்ளங்கை இல்லை.

மறியல் நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா திரும்பி வந்ததைக் குழாயடியிலிருந்து பார்த்தேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. கவர் நனையாமல் சட்டைக்குள் இருந்தது. காற்று இறங்கிய சைக்கிளை வலது கையால் மட்டும் தள்ளிக்கொண்டு தெருமுனை திரும்பினார். இடது கையை விரித்து, உடம்பில் படாமல், சற்றுத் தள்ளிப் பிடித்திருந்தார்.