நிலாவுக்குள் இருந்த அம்மா

வேலை செய்கிற இடத்தில் அவளுக்குத் தூக்கக்காரி என்று பெயர். கேலிக்கு வைத்தது, ஒட்டிக்கொண்டுவிட்டது. டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில், குழந்தைகளைத் தூங்க வைக்கும் பாட்டு வீடியோக்கள் தயாராகும். திரையில் நீள இமை கொண்ட ஒரு நிலா கண் சொருகிக் கொட்டாவி விடும். அந்த நிலாவின் குரல் இவளுடையது.

அதற்கு முன்பு ஒரு பெரிய துணிக்கடையில், வாசலை மறித்து நிற்கும் வண்டியை எடுக்கச் சொல்லி மைக்கில் அறிவித்துக்கொண்டிருந்தாள். சட்டை வாங்க வந்த இந்தக் கூடத்தின் முதலாளி அதைக் கேட்டுவிட்டு நேரே அவளிடம் வந்தார். “வண்டிய எடுன்னு சொன்னாலே எனக்குக் கண்ணு சொக்குதும்மா. நீ பாடினா எப்படி இருக்கும்!” என்றார். அப்படித்தான் வேலை மாறியது.

பாடும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். வியர்வை முதுகில் வழிய வழிய, அவள் குளுகுளுவென்று பாடுவாள். இருமல், செருமல் எதுவும் இருக்கக்கூடாது. மூச்சு வாங்கும் சத்தத்தைக்கூட வெட்டி எறிந்துவிடுவார்கள். சாயங்காலம் வீடு திரும்பும்போது தொண்டை புண்ணாகியிருக்கும். மறுநாளைக்குக் குரல் வேண்டுமே என்று வீட்டில் பெரும்பாலும் கைச்சாடைதான். கணவன்கூட, “எனக்கு வாய்ச்சது ஊமைப் பாட்டுக்காரி” என்று சிரிப்பான்.

மகள் பட்டுவுக்கு அப்போதுதான் பேச்சு வந்துகொண்டிருந்தது. பகலில் பார்த்துக்கொண்டவள் நாத்தனார். அவள் இவளை “அண்ணி, அண்ணி” என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, பட்டுவும் இவளை “அன்னி” என்றாள். பெற்ற பிள்ளை அண்ணி என்கிறதே என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் இவள்.

ஒருநாள் கூடத்தில் மின்சாரம் போய்விட்டது. மத்தியானமே வீட்டுக்கு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே தன் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தாள். தலையணையில் சாய்த்து வைத்த போனுக்கு எதிரே பட்டு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். திரையில் நிலா கண் சொருகியது. பட்டு எழுந்து, கண்ணாடியில் எச்சில் படிய அதற்கு ஒரு முத்தம் கொடுத்தாள்.

“அம்மா” என்றாள்.

அந்தச் சொல்லை மகள் வாயிலிருந்து அவள் கேட்பது அதுதான் முதல்தடவை.

“பட்டு... அம்மா இங்க இருக்கேன்டி” என்று ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பட்டு திரும்பி அவளைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். பிறகு விரலை உதட்டில் வைத்து, “உஷ்ஷ்” என்றாள்.

அடித்திருந்தால்கூட அவளுக்கு அப்படி வலித்திருக்காது. மடித்துக்கொண்டிருந்த துணியோடு நாத்தனார் வந்து நின்றாள்.

“எத்தனை நாளா இப்படி?”

“நிலாவையா? அவ எப்பவும் அப்படித்தான் கூப்பிடுவா அண்ணி. உங்க குரல்தானே, சரியாத்தானே சொல்றான்னு விட்டுட்டேன்.”

குற்றம் சொல்ல வாயெடுத்தவள், துணியை வாங்கி மடிக்க ஆரம்பித்தாள். நாத்தனார் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லையே!

அன்று வீடியோவுக்குக் கீழே தாய்மார்கள் எழுதியிருந்ததையெல்லாம் மறுபடி படித்தாள். முன்பு படித்துப் பூரித்துப்போனவைதான். ‘நான் பாடினா என் பையன் என் வாயைப் பொத்துறான், உங்க பாட்டுதான் வேணுமாம்’ என்று ஒருத்தி சிரிப்புப் பொம்மை போட்டிருந்தாள். இன்னொருத்தி, ‘எங்க வீட்ல நீங்கதான் அம்மா’ என்று எழுதியிருந்தாள். அவள் போனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் முதலாளியிடம் போய் நின்றாள்.

“சார், பாட்டு முடியிறப்ப ஒரு வரி சேர்த்துக்கலாமா? ‘நிலா தூங்கப் போறேன், இனி உங்க அம்மா பாடுவாங்க’ன்னு. அதோட திரை இருட்டாயிடணும்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “சட்டுன்னு நிறுத்தினா குழந்த முழிச்சுக்கும்மா. விடிய விடிய ஓடணும், அதுதானே நம்ம தொழிலு! என்ன, உடம்பு சரியில்லையா?”

மைக் முன்னால் நின்றாள். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் காதொலிப்பானைத் தட்டிப் பார்த்தார்கள். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டில் போனை அலமாரி மேலே ஏற்றினாள். பட்டு வீட்டை இரண்டாக்கினாள். தூக்க வந்தால் நெளிந்து நழுவினாள், மார்பில் குத்தினாள். “நிலா! அம்மா!” என்று அலமாரியைப் பார்த்து அழுதாள். கெஞ்சிப் பார்த்த கணவன், “குடுத்துத் தொலையேன், புள்ளைக்கு மூச்சு முட்டப்போவுது” என்றான். அவளும் அழுதாள். அழுதுகொண்டே, கரகரத்த தொண்டையால் அதே பாட்டைப் பாடினாள். பாதியில் அழுகை அடைத்து ஒரு விக்கல் வந்தது.

பட்டுவின் அழுகை நின்றது. அந்த நிலா ஒருநாளும் விக்கியதில்லை.

கண்ணீர் கன்னத்தில் நிற்க, பட்டு அவள் வாயையே உற்றுப் பார்த்தாள். விரலை உள்ளே விட்டுத் துழாவினாள். இன்னொரு விக்கல் வந்ததும் கெக்கெக்கென்று சிரித்தாள். “அன்னி, இன்னும்!” என்றாள். அதற்குப் பிறகு வந்த நாட்களில், விக்கல் இல்லாமல் பாடினால் பட்டு ஒத்துக்கொள்ளவே இல்லை. பொய் விக்கல் போட்டுப் போட்டு அவளுக்கு விலா வலித்தது.

கூடத்துக்கு அவள் திரும்பிப் போனாள். தாலாட்டு மட்டும் பாடமாட்டேன், எண்ணும் எழுத்தும் சொல்லும் பாட்டு பாடுகிறேன் என்றாள். முதலாளி முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். நிலாவுக்கு வேறொரு பெண் வந்தாள், இன்னும் கல்யாணம் ஆகாதவள்.

பிறகு ஒரு காலையில் அவள் அவசர அவசரமாகத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து “அம்மா” என்று குரல் வந்தது. அவள் திடுக்கிட்டு அலமாரியை நிமிர்ந்து பார்த்தாள்.

“யாருடி போனை எடுத்துக் குடுத்தது?” என்று கத்தினாள்.

“அண்ணி,” என்றாள் நாத்தனார் மெதுவாக, “போனை யாரும் எடுத்துக் குடுக்கல, அது உங்க கைப்பையிலதான் இருக்கு. அவ உங்களத்தான் கூப்பிடுறா.”

சீப்பு தலைமுடியிலேயே மாட்டிக்கொண்டு நிற்க, அவள் திரும்பினாள். ஒற்றைக் காலில் செருப்போடு நின்ற பட்டு, இன்னொரு செருப்பை அவளிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.