மாமியார் பக்கம்

சேஃப்டி ஷூவைக் கழற்றக்கூட விடாமல் கணவர் கையில் ஒரு தாளைத் திணித்துவிடுகிறாள் பிரபாவதி. "ஏங்க, இதுல இருக்கற மாதிரியே செய்ங்க. உங்க மூளைய யூஸ் பண்ணக் கூடாது, ஆமா." சுரங்கத்தில் பெல்ட் ஃபிட்டராக கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் தெய்வசிகாமணிக்கும் அதுதான் சௌகரியம். நேற்று தாளைப் பார்த்து ரசம் வைத்தார். தாளில் புளி விட்டுப்போயிருந்தது. ரசம் புளியில்லாமலே கொதித்தது. மனுஷன் வாயைத் திறக்கவேண்டுமே!

மந்தாரக்குப்பத்து மாடி வீட்டில் உட்கார்ந்தபடி, சென்னையிலுள்ள ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிக்குக் கையேடு எழுதுவது அவள் வேலை. ஆலைகளில் ஓடும் கன்வேயர் பெல்ட்டைக் கண்காணிக்கிற சாஃப்ட்வேர். அறுநூறு பக்கக் கையேடு. இத்தனை நாள் வேர்டு ஃபைலில் கிடந்ததை இனி மார்க்அப்பில் எழுதுவதென்று கம்பெனி முடிவு செய்தது. எழுத்துக்கு நடுவே சின்னச் சின்னக் குறிகளைப் போட்டால், இது தலைப்பு, இது அட்டவணை, இது எச்சரிக்கை என்று கம்ப்யூட்டரே புரிந்துகொண்டு பக்கத்தைக் கட்டித் தரும். அந்தக் குறிகளுக்குத்தான் எத்தனை மொழி! எதை எடுப்பது என்ற கேள்வி பிறந்த அன்றிலிருந்து பிரபாவதிக்குக் கால் தரையில் பாவவில்லை.

"மாப்ள பாத்துகினு இருக்கங்க்கா" என்று கீழ்வீட்டுப் பெரியநாயகியிடம் சொல்லிவிட்டு, "யாருக்குடி?" என்று அந்தம்மா திகைத்து நிற்பதற்குள் சிரித்துக்கொண்டே மாடியேறிவிட்டாள். அவள் சொன்ன மாப்பிள்ளைகள் அந்தக் குறிமொழிகள்தான். அவர்களைப் பற்றி அவளுக்கு ஆளுக்கொரு தீர்ப்பு உண்டு. டாக்புக்? "பெரிய எடம். ஒரு வார்த்த சொல்றதுக்கு முன்னால ஒரு கும்புடு, பின்னால ஒரு கும்புடு." லேட்டெக்? "அச்சுல ராஜா. வெப்சைட்டுக்கு வாப்பான்னா மொரண்டு புடிக்கும்." ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட்? "நல்ல புள்ளதான். ஒரு ஸ்பேஸ் தள்ளி உக்காந்துட்டா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கும்." மார்க்டவுன்? "ஐயோ, எல்லாருக்கும் புடிச்ச புள்ள! கல்யாண வூட்டுல ஓடியாடி பரிமாறும். குடும்பம் நடத்துமான்னு கேளுங்க."

குடும்பம் நடத்துமா என்று மாமியார் மாதிரி சோதித்துப் பார்க்க அவள் தயாரித்த சோதனைத்தாள்தான் 'மாமியார் பக்கம்'. எண் போட்ட படிகள். மூன்றாம் படிக்குள் ஓர் எச்சரிக்கை, கூடவே ஓர் அட்டவணை. அது முடிந்ததும் எண் ஒழுங்காக நாலுக்கு வர வேண்டும். எந்த மொழி வந்தாலும் இந்தப் பக்கத்தைக் கட்டிக் காட்ட வேண்டும். மார்க்டவுன் அட்டவணையைத் தாண்டியதும் எல்லாம் மறந்து மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தது. கொஞ்சம் உள்ளே தள்ளி எழுதிப் பார்த்தாள். அட்டவணையே உடைந்து கொட்டியது.

டீம் லீடர் அருண்ராஜுக்கோ மார்க்டவுன் என்றால் உயிர். முடிவெடுக்கிற மீட்டிங் அன்று ஸ்கைப்பில் சிரித்தார். "நம்பர் மாறுனா என்ன பிரபா? படிக்கறவங்களுக்குத் தெரியாதா?"

சுருக்கென்று தைத்தது அவளுக்கு. அறுநூறு பக்கத்திலும் எண்களைக் கையால் திருத்திக்கொண்டிருக்க வேண்டும். அதில் ஒன்று தப்பினால், எங்கோ ஓர் ஆலையில், ஓடுகிற பெல்ட்டில் யாரோ கை வைப்பார்கள். படிக்கிறவர் யாரென்று அவளுக்குத் தெரியாதா? வீட்டிலேயே ஒருவர் இருக்கிறாரே!

"ஒரு நிமிஷம் சார். எங்க வூட்டுக்காரரு படிக்கறாரு, பாருங்க." லேப்டாப்பைத் தூக்கி வீட்டுத் தண்ணீர் மோட்டார் சுவிட்சுக்கு நேராகத் திருப்பினாள். மோட்டார் போடுகிற முறையை மாமியார் பக்கமாக எழுதி, மார்க்டவுனில் கட்டிய தாள் தெய்வசிகாமணி கையில் இருந்தது.

ஒன்று: வால்வைத் திறந்தார். இரண்டு: சுவிட்சைப் போட்டார். மூன்று: டேங்க்கைக் கவனித்தபடியே அட்டவணையைப் படித்தார். 'டேங்க் வழிந்தால் உடனே 4-ஆம் படிக்குப் போகவும்.' பாதிக்கு மேல் நிறைந்திருந்த டேங்க் சீக்கிரமே வழிந்தது.

"நாலு எங்க பிரபா? மூணுக்கு அப்பறம் ஒண்ணு வருது." தாளைத் திருப்பிப் பின்பக்கமும் தேடினார். மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் தடதடவென்று வாசலில் கொட்டியது. "அடியே பிரபா! காயவெச்ச மொளகா போச்சுடி!" என்று கீழேயிருந்து பெரியநாயகியின் அலறல்.

"அண்ணே, சுவிட்ச ஆஃப் பண்ணுங்கண்ணே!" அருண்ராஜே சென்னையிலிருந்து கத்தினார்.

"பேப்பர்ல நாலு இல்லீங்களே சார். இல்லாத நம்பர நானா செய்யலாங்களா? பெல்ட்டாண்ட அப்டி செஞ்சிகினு இருந்தா இந்நேரம் எனுக்குக் கை இருக்குமா?"

பிரபாவதி இரண்டாவது தாளை நீட்டினாள். அது அதே பக்கம், ஆஸ்கிடாக் என்ற மொழி கட்டியது. அதில் ஒரே ஒரு கூட்டல் குறி போட்டால் போதும், அட்டவணை மூன்றாம் படியோடு ஒட்டிக்கொள்ளும்.

"மூணு... ந்தா கீது பாரு நாலு!" தெய்வசிகாமணி டக்கென்று சுவிட்சை அணைத்தார். திரையில் இருந்த ஏழு பேரும் வெடித்துச் சிரித்தார்கள். "சரி தாயே, ஆஸ்கிடாக்கே வெச்சிக்கலாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார் அருண்ராஜ்.

அவள் எங்கே அதைக் கேட்டாள்! கணவர் கையிலிருந்த தாளில், அட்டவணைக்குக் கீழே ஜம்மென்று நின்ற அந்த நாலை இரண்டு கையாலும் வழித்தெடுத்து, நெற்றிப்பொட்டில் வைத்துப் படபடவென்று நெட்டி முறித்தாள்.