போனுக்குள் மாப்பிள்ளை தேடிய அத்தை

என் அப்பாவின் தங்கை நகசுஜ்ஜா, எங்கள் ஊர்ப் பக்கம் கியோதேரா சந்தையில் பழைய துணி விற்கிறார். மூட்டையைப் பிரிக்கும்போதே எந்தச் சட்டை யாருக்கு என்று முடிவு செய்துவிடுவார். வேண்டாம் என்று சொன்னவர்களும் அதைப் போட்டுக்கொண்டுதான் வீடு திரும்புவார்கள்.

எங்கள் குடும்பத்தில் பெண் கொடுக்கும் நாளில் அவருக்குத்தான் பெரிய வேலை. மாப்பிள்ளை தன் ஆட்களோடு கலந்து உட்கார்ந்திருப்பார். எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளை அங்கி. பெண்ணின் அத்தை அவரைத் தேடிப் பிடித்துப் பூக் குத்த வேண்டும். குத்தினால்தான் அவர் மாப்பிள்ளை. ஒருமுறை கார் சீட்டுக்கு அடியில் ஒளிந்திருந்த ஒருவரைக் காதைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறார்.

என் அக்கா ப்ரோஸ்கோவியாவின் முறை வந்தபோது மாப்பிள்ளை செம்பூயா போலந்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கடைசி நேரத்தில் லீவை ரத்து செய்துவிட்டார்கள். பந்தல் போட்டாயிற்று, அடுப்பில் மடோகே வாழைக்காய் வெந்துகொண்டிருந்தது. பெரியப்பா ஒரு வழி சொன்னார்.

"போன்ல வரட்டும். ஆனா முகம் தெரியணும். தங்கச்சி நலம் விசாரிச்சா அவனே வாயத் தொறந்து பதில் சொல்லணும். இல்லேன்னா பொண்ணு அடுத்த லீவுக்குத்தான்."

அடுத்த லீவு அடுத்த வருஷம். அக்கா உள்ளறையில் அழுது, பூசிய மையெல்லாம் கன்னத்தில் இறங்கியிருந்தது.

பள்ளியை முடித்துவிட்டுச் சும்மா இருந்ததால் போன் பொறுப்பு எனக்கு வந்தது. வீடியோ கால் போட்டு, மாப்பிள்ளைத் தோழனுக்குப் பக்கத்து நாற்காலியில் போனை நிறுத்தி வைத்தேன். படம் தெளிவாக இருந்தது. அத்தை தேட ஆரம்பித்தார். முதலிலேயே கண்டுபிடித்துவிட்டால் மரியாதை இல்லை என்பதால் வரிசை வரிசையாகப் போனார்.

"இவன் இல்ல. இவனுக்கு நானே கோட்டு வித்திருக்கேன். இந்தப் பெரியவரும் வேணாம், பாதிச் சாப்பாட்டுலயே தூங்கிடுவாரு."

ஒருவழியாகப் போன் இருந்த நாற்காலிக்கு வந்து, எங்கள் வழக்கப்படி மண்டியிட்டார். "ஐயா, நல்லா இருக்கீங்களா?"

செம்பூயா வாயைத் திறந்தபடி, ஒரு கண்ணை மூடியபடி உறைந்திருந்தார்.

"இப்பவே பதில் சொல்ல மாட்டேங்கிறான்," என்றார் அத்தை. பந்தல் சிரித்தது.

நான் அழைப்பைத் துண்டித்து மறுபடி போட்டேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. டேட்டா நிறைய இருந்தது. ஃப்ளைட் மோடுக்குப் போய்த் திரும்பி வந்தேன். மைக், கேமரா அனுமதிகளைப் பார்த்தேன். போனையே அணைத்துப் போட்டேன். அது உயிர் பெறும்வரை பெண் வீட்டுக்காகப் பேசி நிகழ்ச்சியை நடத்திய முகாசா எல்லோரையும் பாட வைத்தார். மறுபடியும் வட்டம்தான்.

"வெயில்ல வைடா, குளிர் நாட்டுக்குப் பேசுது இல்ல," என்றார் அத்தை.

"எங்க பையன் வெட்கப்படுறான்," என்றார் மாப்பிள்ளை பக்கத்துப் பேச்சாளர்.

பெரியப்பா சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

சிக்னல் தேடி நாற்காலி மேல் ஏறினேன். அப்போதுதான் பார்த்தேன். பந்தல் முழுக்கக் கைகள், கை நிறையப் போன்கள். ஆளாளுக்கு இதைத் தன் சொந்தக்காரர்களுக்கு நேரலையில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊருக்கு இருப்பதோ ஒரே டவர்; அதுதான் திணறுகிறது. இறங்கி அத்தையின் காதில் சொன்னேன்.

"எல்லாரும் என்னைத்தானா படம் புடிச்சு அனுப்புறாங்க?"

"ஆமா அத்தை."

அத்தை இடுப்புப் பட்டையைச் சரிசெய்து, நாலு பக்கமும் ஒருமுறை சிரித்துக் காட்டினார். பிறகு முகாசாவிடம் திரும்பினார். "போதும், எல்லாரையும் நெட்ட அணைக்கச் சொல்லு."

முகாசா குரலை உயர்த்தினார். "அணைக்காம மாட்டினா நடுவுல வந்து இடுப்பாட்டணும்."

என் சித்தப்பாவே மாட்டினார். அவர் ஆடிக்கொண்டிருக்கும்போது நான் மறுபடி வீடியோ கால் போட்டேன். வட்டம் நின்றது. கனத்த குளிர்க்கோட்டின் மேல் வெள்ளை அங்கி, பின்னால் பனி, நடுவில் செம்பூயா.

"ஐயா, நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேம்மா, நீங்க எப்படி இருக்கீங்க?"

பந்தல் அதிர்ந்தது. பெரியப்பா உட்கார்ந்தார். அத்தை விடவில்லை. வேலை எப்படி, ரோடு எப்படி, லாரி எப்படி என்று ஒவ்வொன்றாக விசாரித்தார்.

"போதும் தங்கச்சி."

"இருங்கண்ணே, இப்பதான் நெட்டு வந்திருக்கு."

பூவை எடுத்ததும் தோழன் ஆசையாக நெஞ்சை நிமிர்த்தினான். அத்தை அவனைத் தள்ளிவிட்டார். "உனக்குக் குத்தினா பொண்ணு உங்கிட்ட வந்துடும்." போன் உறையின் விளிம்பில் ஊசியைக் குத்தினார். இதழ்கள் திரைக்கு மேலிருந்த கேமராவை மூடிக்கொண்டன.

"அம்மா, இங்க ஒரே செவப்பா தெரியுது," என்றார் செம்பூயா.

"கல்யாணம் பண்ணா அப்படித்தான். பழகிக்கோ."

கூப்பிடும்வரை காத்திருக்காமல் அக்கா வெளியே ஓடி வந்து, பாவாடை தடுக்கி, போனுக்கு முன்னால் விழாத குறையாக உட்கார்ந்தாள்.

"உள்ள போடி," என்றார் அத்தை. "பூ மறைக்குது, அவனுக்கு நீ தெரிய மாட்டே."

"எனக்கு அவர் தெரியுறாரே," என்றாள் அக்கா.