நாலு விரலுக்கு ஒரு தையல்

காரைக்குடி வெயிலில் உட்கார்ந்து பஞ்சுப் போர்வை தைத்தவள் நான் ஒருத்திதான் என்று மானகிரியில் எங்கள் தெருக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தப் போர்வை எங்களுக்கில்லை. கொடைக்கானலுக்கு வாக்கப்பட்டுப் போகவிருந்த என் நாத்தனாருக்கு. தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கல்யாணம் அது. சித்திரையில் கூட அங்கே கம்பளி வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்ன அன்றைக்கே, போர்வை என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு அதில் ஓர் உள்நோக்கமும் இருந்தது. நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து நாலு வருஷமாகியும் அவள் என்னை ஒரு தடவைகூட மதினி என்று கூப்பிட்டதில்லை. எதற்கெடுத்தாலும் டீச்சர்தான். காரணம் எனக்குத் தெரியும். அவள் அண்ணனைக் கட்டுவதற்கு முன் நான் காரைக்குடியில் தையல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் அங்கே என் மாணவி. கோணல் தையலைக் கண்டால் என் கை சும்மா இருக்காது, பிரித்துப் போட்டுவிடும். அவள் தைத்த ஒரே காலரை வகுப்பு முழுக்கப் பார்க்க மூன்று தடவை பிரித்திருக்கிறேன். அதற்கப்புறம் அவள் வகுப்புக்கு வரவில்லை. நான்தான் அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

“மதினின்னு சொன்னா வாய் வெந்து போகுமாடி?” என்று மாமியார் கேட்பார்.

“டீச்சரை டீச்சர்னுதானம்மா சொல்லணும்” என்பாள் அவள், பவ்யமாக.

அவள் கொடைக்கானல் பஸ் ஏறுவதற்குள் அந்த வாயிலிருந்து மதினி என்ற சொல்லை வாங்கிவிட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே வழி ஊசி.

வெள்ளைத் துணியில் பன்னிரண்டு பூங்கொத்துகளை எம்ப்ராய்டரி போட்டு முடித்தேன். ஒன்றை ஒன்று மிஞ்சும்படி வந்திருந்தன. என் வேலையை நானே சொல்லாமல் வேறு யார் சொல்வது? ஆனால் பூப்போட்ட துணி மட்டும் போர்வையாகிவிடாது. மேலே துணி, நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி என்று மூன்றையும் சேர்த்துப் பிடிக்கத் தையல் ஓட்ட வேண்டும். அந்தத் தையல் எந்த வடிவத்தில் போகிறது என்பதில்தான் போர்வையின் அழகும் ஆயுளும் இருக்கின்றன. பஞ்சு வாங்கப் போனபோது மெத்தைக் கடைக்காரர், “நாலு விரலுக்கு ஒரு தையல் விழலேன்னா பஞ்சு ஓடிரும்த்தா. ஒரு பக்கம் மலையாட்டம் குமியும், ஒரு பக்கம் வெறுந்துணிதான் இருக்கும்” என்றார். பன்னிரண்டு வருஷம் ஊசி பிடித்தவளுக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாரே என்று நினைத்தாலும் அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

என்ன வடிவம் போடுவது? சாய்ந்த கட்டம் போட்டால் அது மெத்தைக் கடை மெத்தை. அலை அலையாகப் போட்டுப் பார்த்தால் கோடுகள் பூக்களின் மேலேயே ஏறி மிதித்தன. நாலு நாள் காகிதத்தில் வரைந்து வரைந்து கிழித்தேன். ஐந்தாம் நாள் எனக்கே பெருமையாக ஒரு யோசனை வந்தது. நடுவில் பெரிய சிலுவை. அதிலிருந்து நாலு மூலைக்கும் கதிர்கள். நாங்கள் தலைமுறை தலைமுறையாக வேதக்காரர்கள். மாமியார் மனம் குளிரும், நாத்தனாரும் ஆசீர்வாதத்தோடு தூங்குவாள். வடிவம் தூரத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்று பார்க்க, மேல்துணியில் மட்டும் கறுப்பு நூலால் பெரிய பெரிய தையலாக ஓட்டி, வாசல் கொடியில் விரித்துப் போட்டேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் கோயில் உபதேசியார் வந்தார். கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்த பிறகுதான் கல்யாணம். அதற்காக மணப்பெண்ணின் ஞானஸ்நானச் சீட்டை வாங்க வந்திருந்தார். வாசலுக்கு வந்தவர் கொடியைப் பார்த்தார். தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். நெற்றியில் சிலுவை போட்டார்.

“யாருக்கு என்னாச்சு? சாமியாருக்குச் சொல்லி விட்டீகளா?” என்றார் மெதுவாக.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளேயிருந்து வந்த மாமியார் கொடியைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்தார். அப்புறம்தான் நானும் நாலடி தள்ளி நின்று பார்த்தேன். எங்கள் கோயிலில் இறந்தவர்களைத் தூக்கிப்போகும் தூம்பாப் பெட்டியின் மேல் நடுவில் சிலுவை போட்ட துணி ஒன்றை விரிப்பார்கள். அதே நீளம், அதே சிலுவை. பன்னிரண்டு பூங்கொத்துகளும் சுற்றி வைத்த மாலைகளாகத் தெரிந்தன.

“கல்யாண வீட்டுல இதென்ன ஏத்தா” என்றார் மாமியார். நான் துணியை இழுத்துச் சுருட்டினேன். நிலைப்படியில் நின்ற நாத்தனார் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

“டீச்சர் என்னைய நேரா கல்லறைக்கே அனுப்பப் பாக்குறாக.”

எனக்குக் கோபம் வந்தது. “அப்ப நீயே சொல்லு, என்ன வடிவம்னு” என்று துணியை அவள் கையில் கொடுத்தேன். வாயடைத்து நிற்பாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய் அம்மாவின் பழைய கண்டாங்கிச் சேலை இரண்டை எடுத்துவந்தாள்.

“இதை அடித்துணியாப் போடுங்க. கட்டம் அதுலயே இருக்கு. திருப்பிப் போட்டு அந்தக் கோட்டு மேலயே தைச்சுக்கிட்டுப் போனா வரையவே வேணாமே.”

கட்டத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். சரியாக நாலு விரல். இது எனக்குத் தோன்றவில்லையே என்று வயிறு எரிந்தது. இருந்தாலும் நான் விடுவேனா? பின்பக்கமிருந்து தைத்தால் பூ எங்கே இருக்கிறது என்று தெரியாது. எனவே கறுப்பு நூலை உருவிவிட்டு, முதலில் முன்பக்கமிருந்து ஒவ்வொரு பூங்கொத்தையும் சுற்றி ஒரு வரிசை தைத்தேன். பின்பக்கத்தில் அது வேலியாகத் தெரிந்தது. கட்டத்துக் கோடு வேலி வரை வந்து நிற்கும், அந்தப் பக்கம் போய் மறுபடி தொடங்கும். பூ நசுங்காது, பஞ்சும் ஓடாது. அவள் யோசனையை என் யோசனை முழுதாக்கியது என்று இப்போதும் சொல்வேன்.

முதல் ஓலை வாசித்த ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும், முற்றத்தில் போர்வையை விரித்து ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். நான் கூப்பிடவில்லை, அவளாக வந்தாள். மதியத்துக்குள் ஐந்து வரிசை போட்டிருந்தாள். கோடு கீழேயே கிடந்தும் அவள் தையல் அதற்கு இரண்டு பக்கமும் போய்வந்தது. ஒன்று நெல் நீளம், அடுத்தது கடுகு.

அவள் காபி போட உள்ளே போனாள். கத்தரி என் கைக்கு எப்போது வந்தது என்று தெரியாது. மூன்று தையலை வெட்டிவிட்டேன். நிமிர்ந்தால் இரண்டு டம்ளரோடு நிற்கிறாள்.

“பிரிங்க டீச்சர். பழகுன கைதான” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தக் காலரும் அந்த வகுப்பும் நினைவுக்கு வந்தன, தலையைக் குனிந்து நின்ற அந்தப் பெண்ணும்.

கத்தரியைக் கீழே வைத்து ஊசியில் நூல் கோத்தேன். வெட்டிய மூன்று தையலையும் அவள் குத்திய ஓட்டைகளிலேயே, அதே கோணலில் திரும்பப் போட்டேன். கோணலாகத் தைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கை நேராகவே போகப் பார்த்தது. அவள் நின்றபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் பக்கத்தில் டம்ளரை வைத்துவிட்டுத் தன் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

இரண்டு வரிசை தைத்தாள். பிறகு தலை நிமிராமலே சொன்னாள்:

“மதினி, நூலு முடிஞ்சுருச்சு. அங்குட்டுக் கிடக்குற உருண்டைய உருட்டி விடுங்க.”

உருட்டிவிட்டேன். ஊசி விரலில் ஏறியதை அவளுக்குக் காட்டவில்லை.

“நாலு விரலுக்கு மேல போகாத” என்று மட்டும் சொன்னேன். டீச்சர் அவ்வளவு சுலபமாகப் போய்விடுவாளா?