எடை போட்டு வாங்கிய கேமரா

என் வலது மணிக்கட்டில் ஒரு தகடும் ஆறு திருகுகளும் இருக்கின்றன. முதலமடையில் மாங்காய் லாரிக்கு வழிவிட்டு ஓரம் ஒதுங்கியபோது ஸ்கூட்டர் மணலில் சறுக்கியது. தோளில் இருந்த கேமரா பைக்கு ஒரு கீறலும் இல்லை. பையைக் காப்பாற்றத்தான் கையை ஊன்றினேன் என்பதை எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தே சொல்லிவிட்டார். கட்டுப் பிரித்த அன்று அவர் வைத்த வரம்பு தெளிவானது: அந்தக் கையில் ஒரு கிலோவுக்கு மேல் பிடித்தபடி வேலை செய்யக் கூடாது. என் கேமரா நீள லென்ஸோடு சேர்த்து இரண்டரை கிலோ.

செய்தித்தாளில் ஆறு வருடம் செய்தி திருத்தும் டெஸ்கிலும் பதினாறு வருடம் கேமராவோடும் இருந்தவள் நான். விபத்துக்குப் பிறகு பதினான்கு மாதங்கள் ஒரு படமும் எடுக்கவில்லை. அப்போதுதான் கோயம்புத்தூரிலிருந்து ஞாயிறு இணைப்பின் ஆசிரியர் அழைத்தார். பாலக்காடு, இடுக்கி எல்லையோரத் தமிழர்களின் அன்றாடம், மாதம் ஒரு முழுப் பக்கம், படமும் எழுத்தும் என்னுடையது.

“மாசக் கடைசிக்குள்ள முடியுமா முடியாதான்னு சொல்லிடுங்க. முடியலன்னா வேற ஆள் பார்க்கணும். தப்பா எடுத்துக்காதீங்க” என்றார்.

தப்பாக எடுத்துக்கொள்ள அதில் எதுவும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் முடியாது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அதன் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

பெரிய கேமராவை ட்ரைபாடில் நிறுத்திவிட்டு, கழுத்தில் லேசாக ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டால் சமாளிக்கலாம் என்று தோன்றியது. பெருமாட்டியில் எங்கள் தென்னந்தோப்பில் மோட்டார் போட்டுக்கொண்டிருந்த கணவரிடம் சொன்னேன்.

“ஏம்புள்ள, ஒண்ணத் தூக்கவே முடியலீங்கற. அப்பறம் ரெண்டாவது வாங்கறேங்கற. இதென்ன கணக்கு?”

“பெருசு ஸ்டாண்டுல நிக்குமுங்க. சின்னது கழுத்துல தொங்கும்.”

“ஸ்டாண்டையும் பெருசையும் ஆரு செமக்கறது?”

“ஜீப்பு.”

“அப்ப ஜீப்பையும் வாங்கப் போறயாக்கும்” என்றார். மறுநாள் காலை கேட்காமலே பைக்கை எடுத்து என்னைப் பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டார்.

பாலக்காடு டவுனில் மார்க்கெட் தெருவில் அண்ணன் தம்பி இருவரின் கடைகள் ஒட்டினாற்போல் இருக்கின்றன. தலைமுறைகளாக அங்கே வியாபாரம் செய்யும் தமிழ் முஸ்லிம் குடும்பம். அண்ணனுக்கு மளிகை, தம்பிக்குப் பழைய கேமராவும் செல்போனும். நான் போனபோது தம்பி முதலில் எடுத்துக் காட்டியது புதுவகை மிரர்லெஸ் கேமரா. இப்போது எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள் என்றார். என்னிடம் இருக்கும் லென்ஸ்கள் எல்லாம் பழையவை, அவற்றைப் பொருத்தும்படி அதே கம்பெனியின் பழைய டி.எஸ்.எல்.ஆர். வேண்டும், புதிதாகப் பழகுகிறவர்கள் வாங்கும் சின்ன மாடல் போதும் என்றேன். அவர் மேஜைக்கு அடியில் குனிந்து ஒன்றை எடுத்தார்.

“துபாய்ல இருக்கறவரு ஒருத்தரு, கொழந்த பொறந்தப்ப வாங்கினது. பத்து வருஷம் அலமாரியிலதான் இருந்துச்சு. நல்ல சாதனம்க்கா.”

ஒரு படம் எடுத்து, கார்டை என் லேப்டாப்பில் போட்டு, அதுவரை எத்தனை முறை ஷட்டர் திறந்திருக்கிறது என்று பார்த்தேன். ஆறாயிரத்துச் சொச்சம். அந்த வகை கேமராவுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனாலும் நான் கேட்டேன்.

“ஒரு கொழந்தைக்கு ஆறாயிரம் படமா?”

“மொதக் கொழந்தக்கா. ரெண்டாவதுக்கு இதை வெளியவே எடுக்கல.”

எடை எவ்வளவு என்றேன். லேசுதான் என்றார். எத்தனை கிராம் என்றேன். அவருக்குத் தெரியவில்லை. பேட்டரி, கார்டு, பட்டை, கூட வந்த லென்ஸ் எல்லாவற்றோடும் கேமராவை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனேன். மளிகைக்கார அண்ணன் தராசில் இருந்த மல்லிப் பொட்டலத்தை இறக்கிவிட்டு, ஒரு துணியால் தட்டைத் துடைத்து, கேமராவை வைத்தார். எழுநூற்று இருபது.

“முழுசாவே எடுத்துக்கறீங்களா, பொடிச்சுத் தரட்டுமா?” என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

முழுசாகவே எடுத்துக்கொண்டேன். ஷட்டர் எண்ணிக்கை, எடை, சென்சாரில் தூசி, பேட்டரியின் வீக்கம் எல்லாம் சரிபார்த்தேன். வேறு எதையும் சரிபார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து முதலமடையில் ஒரு மாங்காய் ஷெட்டுக்குப் போனேன். பெண்கள் காய்களைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தகரக் கூரை, மங்கலான வெளிச்சம். ஃபிலிம் காலத்திலிருந்து என்னிடம் இருக்கும் ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்தினேன். உள்ளங்கைக்குள் அடங்கும், குறைந்த வெளிச்சத்துக்கு அதைவிட நம்பகமான ஒன்று என்னிடம் இல்லை. அறுபது படங்கள் எடுத்தேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒன்றுகூடத் தேறவில்லை. பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த பெண் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க, பொட்டி நல்லா வந்திருக்குதுங்க. என்ற மூஞ்சிதான் கலங்கிக் கெடக்குது.”

“மூஞ்சி எப்பவும் அப்படித்தானுங்க” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

லென்ஸ் தானாகக் குவியவே இல்லை. அசையாமல் அப்படியே நின்றிருக்கிறது. பொத்தானைப் பாதி அழுத்தியதும் கேமராவே குவித்துக்கொள்ளும் என்று பதினாறு வருடப் பழக்கம் சொன்னதை நம்பி நான் விரலை மட்டும் அழுத்தியிருக்கிறேன். வெளியே வந்து கடைத் தம்பிக்குப் போன் செய்தேன்.

“இந்த மாடல்ல பாடிக்குள்ள மோட்டார் இல்லக்கா. லென்ஸுக்குள்ள மோட்டார் இருந்தாத்தான் தானா ஃபோகஸ் ஆகும். நீங்க பத்திரிகைக்காரங்க, உங்களுக்குத் தெரியாதான்னு நானும் சொல்லல.”

எனக்குத் தெரியாது. அலுவலகம் கொடுத்ததும் நானே வாங்கியதும் எப்போதும் விலை கூடிய கேமராக்கள். அவை எந்தப் பழைய லென்ஸையும் தாமே திருகின. லேசாக்குவதற்காகக் கம்பெனி எதையெல்லாம் எடுத்துவிடும் என்று யோசிக்க வேண்டிய தேவையே எனக்கு வந்ததில்லை. கல்லூரிப் பிள்ளை ஒருவர் வாங்கியிருந்தால் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்டிருப்பார்.

“கொண்டாந்துருங்க. வேற பாத்துக்கலாம்” என்றார் தம்பி. நல்ல மனிதர்.

திருப்பிக் கொடுக்க நேரமில்லை. மாதக் கடைசிக்கு நான்கு நாள்தான் இருந்தது. மூணாறில் ஓர் எஸ்டேட்டில் காலை வேளையில் படமெடுக்க அனுமதி வாங்கியிருந்தேன். அங்கே எடுக்க முடிந்தால் பக்கத்தை ஏற்பது, இல்லாவிட்டால் முடியாது என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, உடுமலை, மறையூர் வழியாகப் பஸ்ஸில் மலையேறினேன். கேமராவோடு வந்த லென்ஸுக்கு உள்ளே மோட்டார் உண்டு. அதை மாட்டிக்கொண்டேன். ஐம்பதைப் பையில் போட்டேன்.

காலை ஆறே முக்காலுக்கு வாடகை ஜீப் என்னை எஸ்டேட் ரோட்டில் இறக்கியது. டிரைவரே பெரிய கேமராவை ட்ரைபாடில் ஏற்றி எதிர்ச் சரிவைப் பார்த்து நிறுத்தினார். சரிவு தெரியவில்லை. பனிமூட்டம் ரோட்டின் அடுத்த விளிம்போடு முடிந்துவிட்டது. கழுத்தில் இருந்த சின்னக் கேமராவை எடுத்தேன். ரோட்டுக்கும் தேயிலைக் காட்டுக்கும் நடுவே ஓடும் வாய்க்காலின் மேல் ஒரு பலகை போட்டிருந்தது. கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் அதன் மேல் ஏறி ஒவ்வொருவராகக் காட்டுக்குள் இறங்கினார்கள். சாக்கும் கத்தரியும் கையில். லென்ஸ் மூட்டத்தில் பிடிமானம் கிடைக்காமல் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருந்தது. ஒன்பது பேர் தாண்டிப் போனார்கள். ஷட்டர் ஒருமுறைகூட விழவில்லை.

மணிக்கட்டு வலிக்கவில்லை. வலித்திருந்தால் ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

அடுத்த கூட்டம் ரோட்டு வளைவில் பேச்சுக் குரலாக மட்டும் கேட்டது. ஐம்பது மில்லிமீட்டரை மாட்டினேன். அந்த லென்ஸின் கழுத்தில் தூரம் அடி அடியாகப் பொறித்திருக்கும். நான் நின்ற இடத்திலிருந்து பலகை பத்தடி. இடது கையால் வளையத்தைப் பத்தில் நிறுத்தினேன். ஃபிலிம் காலத்தில் ஊர்வலங்களை இப்படித்தான் எடுத்தோம்: ஆளைத் துரத்தக் கூடாது, தூரத்தை வைத்துவிட்டு ஆள் அந்தத் தூரத்துக்கு வரக் காத்திருக்க வேண்டும். குறைந்த வெளிச்சத்திலும் படம் பதிய ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினேன். இந்த மாதிரிப் பழைய கேமராவில் அப்படி ஏற்றினால் படம் மணல் மணலாக வரும். நாளிதழ்த் தாளில் அது ஒரு குறையில்லை.

முன்னால் வந்த பெண் என்னைப் பார்த்து நின்றார்.

“ஏக்கா, நீங்க டூரிஸ்டா?”

“பத்திரிகை.”

“பத்திரிகைக்காரவுக கேமரா பெருசால்லா இருக்கும்?”

“அந்தா நிக்குது பாருங்க, பெருசு.”

“அது ஏன் சும்மா நிக்கி?”

“மூட்டம் விலகட்டும்னு.”

“அது எட்டு மணிக்கு மேலதான் வெலகும். அதுவரைக்கும் நின்னதுக்குக் கூலி உண்டாமா?” என்றார். பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு என்னை மறந்துவிட்டார்கள். கழுத்தில் சின்னதாக ஒன்று தொங்குகிறது, அவ்வளவுதான். பெரிய லென்ஸை நீட்டினால் ஆட்கள் முந்தானையைச் சரிசெய்து விறைத்து நிற்பார்கள். இவர்கள் முதல்நாள் இரவு யார் வீட்டிலோ கருகிய சோற்றைப் பற்றிப் பேசிக்கொண்டே பலகையில் ஏறினார்கள். ஒவ்வொருவரும் பலகையின் நடுவுக்கு வரும்போது ஒருமுறை அழுத்தினேன். பதினொரு பேர், பதினொரு படம்.

ஜீப்பின் முன்பக்கத்தில் சாய்ந்து பெரிதாக்கிப் பார்த்தேன். ஏழு கலங்கல். நான்கு கூர்மை. அதில் ஒன்றில் கூலி கேட்டவர் வாய்விட்டுச் சிரித்தபடி ஒரு காலைப் பலகையிலும் மறு காலை அந்தரத்திலும் வைத்திருக்கிறார். பின்னால் மூட்டம் வெறும் வெள்ளையாக நிற்கிறது. அதற்கு முந்தைய பதினான்கு மாதங்களில் நான் அத்தனை நேரம் எந்தப் படத்தையும் பார்த்ததில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கினேன். நால்வரையும் தேடிப்பிடித்து, பெயரையும் இனிஷியலையும் கேட்டு எழுதினேன்.

கூலி கேட்டவர் கத்தரியை நிறுத்தாமலே கேட்டார். “பேரெல்லாம் எழுதுதீகளே, நெசமாவே பேப்பர்ல வருமா?”

“வரும்.”

“எப்ப வரும்? எங்க மக கோயம்புத்தூர்ல இருக்கா. அவகிட்ட இன்ன நாளைக்கு வாங்கிப் பாருன்னு சொல்லணும்லா. ஒருக்க இப்படித்தான் ஒருத்தர் பேர எழுதிட்டுப் போனாரு, வரவே இல்ல.”

டெஸ்கில் இருந்த நாட்களில் எனக்குச் சொல்லித் தந்த ஒழுங்கு ஒன்று உண்டு. அச்சில் வரும் என்று உறுதியாகத் தெரிந்த படத்துக்கு மட்டுமே பெயர் கேட்க வேண்டும். ஏனென்றால் பெயர் கொடுத்தவர்கள் காசு கொடுத்துத் தாளை வாங்கி, பக்கம் பக்கமாகத் தேடுவார்கள். நான் ஏற்கெனவே நான்கு பெயர்களை எழுதி முடித்திருந்தேன்.

“அடுத்த மாசம் முதல் ஞாயிறு” என்றேன்.

அதன் பிறகுதான் சிக்னல் கிடைக்கும் வளைவு வரை ஏறிப் போய், இணைப்பின் ஆசிரியருக்குப் போன் செய்தேன்.