ஏஞ்சலின் சொந்த டம்ளர்

ஏஞ்சலுக்குக் காலனியில் வைத்த பெயர் டாக்டரம்மா. படித்தது எட்டாம் வகுப்பு, போவது நடவு வேலை. பட்டப்பெயர் வைக்க நம் ஜனங்களுக்குப் படிப்பா வேண்டும், வாய் இருந்தால் போதாதா!

திருப்புலிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்தக் காலனி. நடவுக் காலத்தில் தினமும் காலை ஆறரை மணிக்கு ஒரு குட்டியானை வண்டி வந்து பன்னிரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு பெருநகர் என்கிற கிராமத்துப் பக்கம் போகும். பதினொரு பேர் நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். ஏஞ்சல் மட்டும் பின்கதவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு காற்றடிக்கிற இடத்தில் நிற்பாள். முகத்தில் மாஸ்க். கொரோனா போய் எத்தனை வருஷம் ஆயிற்று! ஊரே கழற்றிப் போட்டுவிட்டு மறந்தும் போனது. இவள் மட்டும் இன்னும் துவைத்துத் துவைத்துப் போடுகிறாள். பையில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், ஒரு சோப்பு டப்பா, ஒரு டம்ளர். மழை தூறினால் மற்றவர்கள் படுதாவை இழுத்து மூடிக்கொள்வார்கள். இவள் வெளியே நனைந்துகொண்டு வருவாள்.

"நனைஞ்சா மட்டும் சளி புடிக்காதாமே, டாக்டரம்மா?" என்பாள் கனகா. வண்டியில் வாய் அதிகம் அவளுக்குத்தான்.

"மழையாண்ட நான் பேசிக்கறேன். நீ இருமும்போது அந்தப் பக்கம் திரும்பி இருமு, போதும்" என்பாள் ஏஞ்சல்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவள் மகள் ஷாரோனுக்கு எட்டு வயது. இரண்டு வருஷமாகச் சிறுநீரகக் கோளாறு. திடீரென்று முகம் வீங்கிவிடும், கண் திறக்க முடியாது. அதற்குக் கொடுக்கிற மாத்திரை வீக்கத்தை அடக்குகிறது, கூடவே உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவிடுகிறது. நமக்கு இரண்டு நாள் மூக்கொழுகிப் போகிற சளி, அந்தப் பிள்ளைக்கு ஆஸ்பத்திரிக் கட்டில். "வெளிய போய்ட்டு வர்றவங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும்மா" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வெளியே போய் வருகிறவள் ஏஞ்சல்தான். கணவன் ஆல்வின் ஒரகடத்தில் கட்டட வேலை, சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். நீ வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தால் என்ன என்று அவளைக் கேட்கிற புண்ணியவான்கள் முதலில் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்கட்டும்.

போன வருஷம் தை மாதம் பெருநகரில் முத்துவேல் கழனியில் நடவு. வரப்புக்கு டீ வந்தது. மூன்று டம்ளர், பன்னிரண்டு வாய். ஒருத்தி குடித்து, வாய்க்காலில் ஒரு அலசு அலசி, அடுத்தவளிடம் கொடுத்தாள். ஏஞ்சலும் குடித்தாள். மூன்றாம் நாள் இவளுக்குத் தொண்டை கட்டியது, ஐந்தாம் நாள் ஷாரோனுக்குக் காய்ச்சல். பதினேழு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அங்கிருந்து வந்தவுடன் அவள் வாங்கியதுதான் அந்த டம்ளர். வேறு கழனிகளில் கடை டீ பேப்பர் கப்பில் வந்ததால் அந்த டம்ளரால் எந்த வம்பும் வரவில்லை. இந்த வருஷம் தை பிறந்தது, மறுபடியும் முத்துவேல் கழனி.

அன்று காலை வண்டியில் ஏறும்போதே ஆண்டாளம்மாள் அவளைப் பிடித்துக்கொண்டாள். ஆண்டாளம்மாள்தான் அந்த நடவு கோஷ்டிக்குத் தலைவி. யாரை ஏற்றுவது, யாரை விடுவது எல்லாம் அவள் சொன்னதுதான்.

"த பாரு, இன்னிக்கி முத்துவேல் கயனி. உன் டம்ளர பைலயே வெச்சிக்க. வெளிய எடுத்த, நாளைலேந்து வண்டில எடம் கெடையாது."

"டீயே வேணான்னு சொல்லிடறேன் அத்தே."

"அது இதுக்கு மேல. அவங்க வூட்டு டம்ளர தொட இன்னும் பயந்துக்கினு கீறாளுங்கன்னு நெனைக்கவா? குடிக்கணும். அவங்க டம்ளர்லதான் குடிக்கணும்."

ஆண்டாளம்மாள் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. முத்துவேலின் தாயார் இருந்த காலத்தில் காலனிப் பெண்களுக்கென்று நசுங்கின அலுமினிய டம்ளர்கள் மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகியிருக்கும். எட்ட நின்று தூக்கி ஊற்றுவார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு நடவு நாளில் ஆண்டாளம்மாள் அந்த டம்ளரை வாய்க்காலில் வீசிவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். 'நீங்க குடிக்கிற டம்ளர்ல டீ வரட்டும், அப்பறம் நடறோம்' என்றாள். பிடுங்கிய நாற்று வெயிலில் துவண்டுகொண்டிருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு வீட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளர்கள் வந்தன. அன்றிலிருந்து அந்த வரப்பில் எல்லோரும் குடிப்பது அந்த வீட்டு டம்ளரில்தான். அப்படி வாங்கிய உரிமையை ஒருத்தி பையிலிருந்து தனி டம்ளரை எடுத்துக் கெடுத்தால் அவளுக்கு எரியாதா?

பத்தரை மணிக்கு முத்துவேலின் மனைவி பாஞ்சாலி வந்தாள், ஒரு கையில் டீத்தூக்கு, மறு கையில் மூன்று டம்ளர். வரப்பில் கால் வைத்தது முதல் இருமல். தூக்கை இறக்கி வைத்து, உள்ளங்கையில் இருமி, அதே கையால் டம்ளரை எடுத்தாள். ஏஞ்சல் ஒருமுறை ஆண்டாளம்மாளைப் பார்த்தாள். பிறகு சேற்றுக் கையைக் கழுவிக்கொண்டு போய்ப் பையிலிருந்து தன் டம்ளரை எடுத்து நீட்டினாள்.

பாஞ்சாலியின் முகம் மலர்ந்துவிட்டது.

"பரவால்லியே! இந்தக் காலத்துலயும் மட்டு மரியாத தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு கீது. பாத்துக்கினீங்களாடி? நாளைக்கி ஆளுக்கொண்ணு எட்டாந்துடுங்க. எங்க மாமியா இருந்திருந்தா எவ்ளோ சந்தோசப்பட்டிருப்பாங்க!"

சொல்லிக்கொண்டே தூக்கை உயரத் தூக்கினாள். கை அந்தக் காலத்து உயரத்துக்குத் தானாகப் போனது.

ஏஞ்சலுக்குப் பகீரென்றது. கிருமியை நினைத்தவள் இதை நினைக்கவில்லை. மகளுக்காக வாங்கிய டம்ளர், இந்தம்மாள் கண்ணுக்கு மாட்டுக்கொட்டகை டம்ளராகத் தெரிகிறதே! பின்னால் பதினொரு பெண்களும் நடவை நிறுத்திவிட்டு நிற்கிறார்கள். ஆண்டாளம்மாளின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. அவமானமும் ஆத்திரமும் ஒன்றாக மேலே வந்தன. டீ விழ இருந்த நேரத்தில் டம்ளரை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். டீ சேற்றில் கொட்டியது.

"இன்னாடி இது?"

"யம்மா, நீங்க வந்ததுலேந்து ஒம்போது வாட்டி இருமிட்டீங்க. கைல இருமி, அந்தக் கையால டம்ளர புடிக்கிறீங்க. அந்த டம்ளர் எனக்கு வேணாம். அதுக்குத்தான் இத எட்டாந்தேன். மரியாதையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல."

"எங்க வூட்டு டம்ளர் உனுக்கு ஆவாதா?"

"இன்னிக்கி ஆவாது. என் பொண்ணுக்கு ஒடம்பு சரியில்ல. உங்க இருமல நான் வூட்டுக்கு இட்டுக்கினு போவ முடியாது. நல்லாய்ட்டு வாங்க, உங்க வூட்டு டம்ளர்ல உங்க பக்கத்துல ஒக்காந்து குடிக்கிறேன்."

அந்த வீட்டு டம்ளர் வேண்டாம் என்று காலனிக்காரி ஒருத்தி சொல்லிப் பாஞ்சாலி கேட்டதே இல்லை. அவள் சுதாரிப்பதற்குள் ஏஞ்சல் கையை நீட்டித் தூக்கையும் டம்ளர்களையும் வாங்கிக்கொண்டாள். விரல்மேல் விரல் பட்டது. பட்டால் படட்டும். நேராகப் பம்புசெட்டுக்குப் போனாள். சோப்பு டப்பாவைத் திறந்து மூன்று டம்ளரையும் தேய்த்துக் கழுவி, டீயை ஊற்றி எடுத்து வந்தாள். முதல் டம்ளரை ஆண்டாளம்மாளிடம் நீட்டினாள்.

"குடி அத்தே. அவங்க வூட்டு டம்ளர்தான். கழுவனது மட்டும்தான் நானு."

ஆண்டாளம்மாள் வாங்கவில்லை. குனிந்து நாற்று முடியின் கட்டை அவிழ்த்துக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டாள். கனகாதான் வந்து வாங்கிக் குடித்தாள். குடித்தவுடன் கேலி எதுவும் பேசாமல் டம்ளரைக் கழுவ ஏஞ்சலிடமே கொடுத்தாள். ஏஞ்சல் எல்லோருக்கும் ஊற்றிவிட்டுத் தன் டம்ளரில் கடைசியாகக் குடித்தாள்.

பாஞ்சாலி போய்ப் புருஷனை அழைத்து வந்தாள். முத்துவேல் வரப்பில் நின்று பார்த்தார். இன்னும் இரண்டு நாள் நடவு பாக்கி, பிடுங்கிய நாற்று முடி முடியாகக் கிடக்கிறது. தொண்டையைச் செருமினார், ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய்விட்டார். காரியக்கார மனுஷர்!

சாயங்காலம் வண்டி திரும்பியது. காலனியில் இறங்கியதும் ஏஞ்சல் ஆண்டாளம்மாளின் எதிரில் போய் நின்றாள்.

"நீ அன்னிக்கி செஞ்சத நான் கொறச்சலா நெனைக்கல அத்தே. அவங்க சொன்னதுக்கு அவங்களாண்டயே பதில் சொல்லிட்டேன். ஆனா அதுக்காவ எம் பொண்ண பறிகுடுக்க முடியாது. வண்டில எடம் இல்லன்னா இப்பவே சொல்லிடு. நான் பஸ்ல படியோரம் நின்னுக்கினு போய்க்கறேன். டம்ளர் என் கூடத்தான் வரும்."

ஆண்டாளம்மாள் வீட்டுப் பக்கம் நடந்துவிட்டாள்.

மறுநாள் காலை ஷாரோன் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள் ஏஞ்சல். வீக்கம் இல்லை, சூடு இல்லை. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு, விட்டாலும் விடாவிட்டாலும் சரி என்று ரோட்டுக்கு வந்தாள். வண்டி நின்றிருந்தது. பத்துப் பெண்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பின்கதவோரம் அவள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. ஆண்டாளம்மாள் வண்டியில் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தாள்.

"இன்னா அத்தே, ஏறல?"

"அங்கியே நில்லு. கிட்ட வராத." குரல் கட்டியிருந்தது. "ராத்திரிலேந்து ஒடம்பு நெருப்பா கொதிக்குது. நான் வரல. நீ கூட்டிக்கினு போ."

முப்பது வருஷத்தில் ஆண்டாளம்மாள் நடவை ஒரு நாளும் விட்டதில்லை. காய்ச்சலோடும் போயிருக்கிறாள், மாமியார் கருமாதிக்கு மறுநாளும் போயிருக்கிறாள். ஏஞ்சல் வண்டியில் ஏறிச் சங்கிலியைப் பிடித்தாள்.

"ஏஞ்சலு! டீய நீயே ஊத்து. தூக்க அவ கைல வுட்டுடாத!"

"வுட மாட்டேன் அத்தே!"

வண்டி கிளம்பியது. தெருமுனை திரும்பும்போதுதான் பின்னால் ஆண்டாளம்மாள் இருமுவது கேட்டது. வண்டி போகிறவரை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள்.