கடலுக்குள் நூற்று நாற்பது மைல்

என் அண்ணனின் பிழைப்பைக் கெடுத்தவள் நான். அப்போது எனக்கு எட்டு வயது. யாரும் என்னைத் திட்டவில்லை. விஷயம் தெரிந்தால்தானே திட்டுவார்கள்.

அண்ணன் பதினெட்டு மாதம் சரக்குக் கப்பலில் பயிற்சிக்கு இருந்துவிட்டுத் தாராவிக்குத் திரும்பியிருந்தான். ஆபீசர் பரீட்சையில், சூரியனை அளந்து கப்பல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் தாளில் இரண்டு முறை ஃபெயில். மூன்றாவது முறை அடுத்த வாரம். கூட்டாளியிடம் செக்ஸ்டன்ட் கருவியை இரவல் வாங்கி, மூன்று நாள் சாயங்காலம் என்னைத் தாதர் கடற்கரைக்குக் கூட்டிப்போனான். அதன் கண்ணாடி வழியே சூரியனைக் கடல் விளிம்புக்கு இறக்கி, "ஸ்டாப்!" என்று கத்துவான். நான் கடிகாரம் பார்த்து மணி, நிமிடம், நொடி சொல்ல வேண்டும். நான்கு நொடி பிசகினால் கணக்கு கிட்டத்தட்ட ஒரு மைல் தள்ளிப்போகும்.

அது அம்மாவின் கைக்கடிகாரம். தாணே போகும் விடிகாலை லோக்கல் ரயிலை விட்டுவிடக் கூடாதென்று, அண்ணன் கப்பலில் இருந்தபோது இதையும் சேர்த்து வீட்டுக் கடிகாரங்களையெல்லாம் பத்து நிமிடம் கூட்டி வைத்துவிட்டாள். எனக்கு அது தெரியும். எங்கள் வீட்டில் அதுதான் நேரம்.

"ஏட்டி, நொடிய ஒழுங்கா பாத்தியா?"

"சத்தியமா பாத்தேம்ணே."

வீட்டுக்கு வந்து அட்டவணைகளைப் புரட்டி விடிய விடியக் கூட்டிக் கழிப்பான். மூன்று நாளும் ஒரே விடை. நாங்கள் நின்ற இடம் அரபிக்கடலுக்குள் நூற்று நாற்பது மைல் தள்ளி இருந்தது. கடிகாரத்தைச் சந்தேகப்பட்டிருக்கலாம். இரண்டு முறை தோற்றவன் முதலில் தன் மண்டையைத்தான் சந்தேகப்படுவான்.

"என்னல, இன்னைக்கும் தாதரக் கடல்ல தள்ளிட்டியா? ஒன்னய நம்பி எவன்ல கப்பலக் குடுப்பான்?" என்றார் அப்பா. அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"எனக்கு இது வராதுப்பா" என்றான் அண்ணன். பரீட்சைக்குப் போகவில்லை. நோட்டுகளைப் பழைய பேப்பர்காரன் அள்ளிக்கொண்டு போனான். அப்பா அவனை அம்பர்நாத்தில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் சேர்த்துவிட்டார். இன்றும் அங்கேதான் டின் தூக்குகிறான், இருமுகிறான்.

பத்தாம் வகுப்பில் தீர்க்கரேகைக் கணக்கு நடத்தியபோதுதான் அம்மா கூட்டி வைத்த அந்தப் பத்து நிமிடம் எனக்கு உறைத்தது. அவனிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன கிழியப்போகிறது?

அண்ணன் போகாமல் விட்ட அந்தப் பரீட்சை நாளன்று அவன் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். இனி அண்ணன் எங்களை விட்டுப் போகமாட்டான் என்று எனக்கு ஒரே குதூகலம். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்கால் போட்டு, ஏசுவுக்கு நன்றி சொன்னேன்.